ஓடும் வண்டியின் கழிவுநீரும் நிலத்தின் சாக்கடையும்

வீடு ஒரே இடத்தில் நிற்பது. அதன் கழிவுநீர்க் குழாயை ஒருமுறை பூமிக்குள் பதித்துத் தெருச் சாக்கடையுடன் இணைத்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் மனிதன் வசிக்கும் இடங்கள் யாவும் நிற்பவை அல்ல. ரயில் பெட்டி, கப்பல், ஆகாய விமானம், அண்மைக் காலத்தில் சுற்றுலாவுக்குப் பயன்படும் காரவன் எனப்படும் வீட்டுவண்டி ஆகியவை நகரும் வசிப்பிடங்கள். இவற்றிலும் மனிதர் உண்கின்றனர், உறங்குகின்றனர், கழிப்பறையை உபயோகிக்கின்றனர். நகரும் வசிப்பிடத்தின் கழிவை நிற்கும் சாக்கடையிடம் ஒப்படைப்பது எவ்வாறு என்பது சுகாதாரப் பொறியியலின் சுவையான பிரச்னைகளுள் ஒன்று. இந்தியாவில் இப்பிரச்னை மிகப் பெரிய அளவில் எழுவது ரயில்வேயில்தான். அதை விளக்குவதற்கு ஹவுரா நிலையத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

ஹவுராவின் நிலை

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், கல்கத்தா மாநகருக்கு எதிரே ஹவுரா அமைந்துள்ளது. 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி இங்கிருந்து ஹூக்ளி நகர் வரை, சுமார் 24 மைல் தூரத்துக்கு, கிழக்கிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. இன்று இந்நிலையத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிளாட்பாரங்கள் உள்ளன. இது வண்டிகள் கடந்து செல்லும் நிலையமன்று, முடிவுநிலையம். சென்னையிலிருந்தும், டில்லியிலிருந்தும், பம்பாயிலிருந்தும் வரும் நெடுந்தூர வண்டிகள் இங்கே பயணத்தை முடித்துக்கொண்டு, டிக்கியாபாரா போன்ற பராமரிப்பு நிலையங்களுக்குச் சென்று கழுவப்பட்டு, மீண்டும் புறப்படுகின்றன. பல நூறு மைல் தூரம் மக்கள் உபயோகித்த கழிப்பறைகளின் சுமை முழுவதும் இத்தகைய முடிவுநிலையத்தில்தான் கணக்குத் தீர்க்கப்பட வேண்டும்.

ஹவுராவின் நிலம் வண்டல் படிந்த சமதரை; தாழ்வானது; மழைக்காலத்தில் நீர் தேங்குவது. ஹூக்ளியில் கடல் ஏற்றவற்றம் உண்டு. ஏற்றத்தின்போது நதியின் மட்டம் உயர்வதால் கரையிலுள்ள வடிகால்களின் நீர் வெளியேறுவது தடைப்படும். மேட்டு நிலத்தில் கழிவுநீர் தானாகவே சரிந்து ஓடிவிடும். இத்தகைய சமநிலத்திலோ அதைப் பம்பு வைத்து உயர்த்தியே செலுத்த வேண்டும். இந்த இயற்கை நிலைமையை நினைவில் கொண்டால் பின்வருபவை எளிதில் விளங்கும்.

பழைய முறையும் அதன் தீமைகளும்

இந்திய ரயில்களில் கீழ்வகுப்புப் பெட்டிகளுக்குத் தொடக்கத்தில் கழிப்பறையே கிடையாது. 1909-ஆம் ஆண்டில் ஒகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி, அகமத்பூர் நிலையத்தில் வயிற்றுக் கோளாறு காரணமாக இறங்கிச் சென்றிருந்தபோது வண்டி தம்மை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டதைக் குறித்து சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு முறையீடு எழுதினார் என்றும், அதன் பயனாகவே எல்லா வகுப்புகளிலும் கழிப்பறை அமைக்கப்பட்டது என்றும் கூறப்படுகிறது. அக்கடிதம் டில்லியிலுள்ள தேசிய ரயில் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டுள்ளது.

அவ்வாறு அமைந்த கழிப்பறையின் அமைப்பு மிகவும் எளியது. இருக்கையின் கீழே ஒரு குழாய். அதன் மறுமுனை திறந்த வெளி. கழிவு நேரே தண்டவாளத்தின்மீது விழுந்தது. வண்டி வேகமாக ஓடும்போது அது நெடுந்தூரம் பரவி, வெயிலில் உலர்ந்துபோகும் என்று அக்காலத்தில் கருதப்பட்டது. வண்டி நிற்கும்போது கழிப்பறையை உபயோகிக்க வேண்டாம் என்ற அறிவிப்பு ஒவ்வொரு பெட்டியிலும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் வண்டி மணிக்கணக்கில் நிற்கும் முடிவுநிலையத்தில் அவ்வறிவிப்பைப் பயணிகள் பின்பற்றுவது எளிதாக இல்லை.

இதனால் விளைந்த தீமைகள் மூன்று. முதலாவது, கிருமிகள். காலரா, டைபாய்டு, குடற்புழு நோய்கள் ஆகியவற்றின் வித்துக்கள் திறந்த வெளியில் சிந்தப்பட்டு, ஈக்களாலும் மழைநீராலும் பரவின. இரண்டாவது, இரும்பின் அரிமானம். மலஜலத்தில் உள்ள உப்புகளும் ஈரமும் தண்டவாளத்தையும் அதைப் பிணைக்கும் பிடிகளையும் அரித்தன. ரயில்வே பாதுகாப்பை ஆராய அனில் ககோட்கர் தலைமையில் அமைக்கப்பட்ட உயர்மட்டக் குழு 2012-இல் அளித்த அறிக்கையில் இம்முறையைக் கைவிடுமாறு வற்புறுத்தியது. தண்டவாளத்தில் கழிவு கிடக்கும்போது அதைச் சோதிக்கும் பணியாளரும் அருகே சென்று நன்கு பார்க்கத் தயங்குவர் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது.

மூன்றாவது தீமையே எல்லாவற்றிலும் பெரியது. பிளாட்பாரங்களை ஒட்டிய தண்டவாளப் பகுதியைக் கழுவிச் சுத்தம் செய்தவர் மனிதர். காங்கிரீட் தளம் அமைத்து நீரைப் பீய்ச்சிக் கழுவிய இடங்களிலும் வாருவதற்கும் தள்ளுவதற்கும் மனிதக் கைகளே தேவைப்பட்டன. ஒரு தொட்டியும் ஒரு வால்வும் ஒரு குழாயும் செய்ய வேண்டிய வேலையை, சமுதாயம் சில குடும்பங்களின்மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தி வைத்தது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்து 2013-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், ரயில் தண்டவாளத்தில் விழும் கழிவையும் பெயர் குறிப்பிட்டே தனது விளக்கத்தில் சேர்த்துள்ளது.

பெட்டிக்கடியில் நுண்ணுயிர்த் தொட்டி

இத்தீமைகளைப் போக்க ரயில்வே கையாண்ட முதற்பெரு வழி உயிரியல் கழிப்பறை. பாதுகாப்பு ஆராய்ச்சி அபிவிருத்தி ஸ்தாபனத்தின் குவாலியர் ஆய்வுக்கூடம், குளிர்ப்பிரதேசங்களில் பணிபுரியும் படைவீரர்களின் கழிவைச் சிதைப்பதற்காக ஒருவகை நுண்ணுயிர்க் கலவையைத் தயாரித்தது. அது பின்னர் ரயில் பெட்டிகளுக்கு ஏற்றவாறு மாற்றியமைக்கப்பட்டது. 2011 ஜனவரியில் குவாலியருக்கும் வாராணசிக்கும் இடையே ஓடும் புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் இது முதலாவதாகப் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் மானாமதுரை–இராமேசுவரம் இடையிலான 114 கிலோமீட்டர் பாதை, தண்டவாளத்தில் மலம் விழாத முதற் பசுமைப் பாதையாக 2016 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. 2021 வாக்கில் நாடெங்கும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட இத்தகைய கழிப்பறைகள் பெட்டிகளில் பொருத்தப்பட்டிருந்தன.

இதன் செயல்முறை பின்வருமாறு. பெட்டியின் அடியில் துருப்பிடிக்காத எஃகினால் ஆன தொட்டி தொங்கவிடப்பட்டுள்ளது. அதன் உட்புறம் தடுப்புச் சுவர்களால் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பிராணவாயு இல்லாத சூழ்நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் அதில் இடப்பட்டுள்ளன. கழிவு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மெல்லச் செல்லும்போது, முதலில் திடப்பொருள் கரைகிறது. பின்னர் கரைந்த பொருள் புளித்து அமிலமாகிறது. இறுதியில் அமிலம் சிதைந்து மீதேன் வாயுவும் கரியமில வாயுவும் ஆகிறது. வாயுக்கள் வெளியேறுகின்றன. எஞ்சிய நீர் குளோரின் கலந்த அறை வழியாகச் சென்று கீழே வடிகிறது. கிராமங்களில் சாண எரிவாயுக் கலத்தில் நடைபெறும் அதே வேலைதான் இங்கும் நடைபெறுகிறது எனலாம். ஆனால் அங்கே கலம் அசையாமல் நிற்கிறது. சாணம் பல வாரங்கள் அதில் தங்குகிறது. இங்கே தொட்டி குலுங்கிக்கொண்டே ஓடுகிறது, இடமும் குறைவு, காலமும் குறைவு.

அடைப்பு என்னும் இடையூறு

உயிருள்ள பொருளைக் கொண்டு இயங்கும் சாதனம் உயிருக்கு வேண்டிய நிலைமைகளைக் கோரும். பினாயிலும் அமிலமும் தாராளமாக ஊற்றினால் நுண்ணுயிர்கள் மடிகின்றன. அதைவிடப் பெரிய இடையூறு, தொட்டிக்குள் சேரக்கூடாதவை சேர்வது. நுண்ணுயிர் மலத்தை உண்ணும். பிளாஸ்டிக் புட்டியையோ, தேநீர்க் கோப்பையையோ, துணியையோ உண்ணாது. மத்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் 2017-ஆம் ஆண்டு அறிக்கை, 2016–17-இல் சோதிக்கப்பட்ட சுமார் 25,000 உயிரியல் கழிப்பறைகளில் சுமார் இரண்டு லட்சம் குறைபாடுகள் பதிவானதையும், அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை அடைப்புகள் என்பதையும் எடுத்துக்காட்டியது.

இதன் பொருளை ஆசிரியர்கள் நன்கு வற்புறுத்த வேண்டும். பயணி ஒருவர் கழிப்பறையில் போடும் ஒரு காகிதக் கோப்பை, பராமரிப்பு நிலையத்தில் மற்றொருவர் தொட்டியைத் திறந்து கையை விட்டு எடுக்கும் நிலையை உண்டாக்கிவிடும். கழிவு தண்டவாளத்தில் விழுவது நின்றாலும், அதைத் தொடும் கை மறைந்துவிட்டதென்று கொள்வதற்கில்லை.

நீரின் கணக்கு

ஓடும் வழியில் எதுவுமே கீழே விழாமல், கழிவு முழுவதையும் தொட்டியில் சேர்த்துவைத்து முடிவுநிலையத்தில் ஒப்படைக்க இயலாதா என்ற கேள்வி இங்கு எழும். விடை நீரின் அளவைப் பொறுத்தது.

72 பேர் படுக்கும் வசதியுள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். பயணத்தில் ஒருவர் மூன்று முறை கழிப்பறையை உபயோகிப்பதாகவும், ஒவ்வொரு முறையும் 10 லிட்டர் நீர் செலவாவதாகவும் கொண்டால், ஒரு பெட்டியில் சேரும் கழிவுநீர் 2,160 லிட்டர். எடையில் இரண்டு டன்னுக்கு மேல். இருபது பெட்டிகளுக்கு 43,000 லிட்டருக்கும் அதிகம். இவ்வளவு எடையைப் பெட்டிக்கடியில் தொங்கவிடுவது நடைமுறைக்கு ஒவ்வாதது.

வெற்றிடக் கழிப்பறை இக்கணக்கை மாற்றுகிறது. விமானங்களில் வழங்கிவரும் முறை இது. குழாயில் உள்ள காற்றை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்துவைத்து, பொத்தானை அழுத்தியதும் வால்வைத் திறந்தால், அறையில் உள்ள காற்று கழிவை வேகமாகக் குழாய்க்குள் தள்ளுகிறது. தள்ளும் வேலையைக் காற்று செய்வதால், கழுவுவதற்கு மட்டும் சுமார் அரை லிட்டர் நீர் போதும். அதே 72 பேருக்கு மூன்று முறை எனக் கணக்கிட்டால் 108 லிட்டரே சேரும். இதைத் தொட்டியில் வைத்துக்கொண்டு ஓடலாம். 2022 டிசம்பர் 30-ஆம் தேதி ஹவுராவுக்கும் புது ஜல்பைகுரிக்கும் இடையே தொடங்கிய வந்தே பாரத் வண்டியின் வகையைச் சேர்ந்த வண்டிகளில் வெற்றிடக் கழிப்பறைகளே உள்ளன.

சேர்த்துவைக்கும் தொட்டி உள்ள எந்த வண்டிக்கும், அதைக் காலிசெய்யத் தரையில் ஓர் இணைப்பு வேண்டும். இனி அவ்விணைப்பைப் பற்றிப் பார்ப்போம்.

இணைப்பின் உறுப்புகள்

வண்டியையும் சாக்கடையையும் இணைக்கும் முறைகள் இரண்டு. கழிவு தன் எடையாலேயே சரிந்து ஓடும் முறை ஒன்று. பம்பினால் உறிஞ்சி எடுக்கும் முறை மற்றொன்று.

முதல் முறை காரவன் வண்டிகளுக்கு ஏற்றது. மேல்நாடுகளில் இவ்வண்டிகள் தங்கும் மைதானங்களில் இது சாதாரணமாக வழங்குகிறது. கேரள அரசு 2021-இல் காரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது முதல் நம் நாட்டிலும் இதைப் பற்றி அறிய வேண்டியதாயிற்று. வண்டியில் இரண்டு தொட்டிகள் இருக்கும். ஒன்று மலஜலத்துக்கு, மற்றொன்று குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீர் ஆகியவற்றுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு உண்டு. தங்குமிடத்தில் தரைமட்டத்துக்குச் சற்று மேலாக ஒரு கழிவுக் குழாயின் வாய் மூடியுடன் நிற்கும். இதை அமைக்கையில் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. நீரடைப்பு: குழாயின் வாய்க்குக் கீழே வளைந்த பகுதி ஒன்று இருக்க வேண்டும். அதில் எப்பொழுதும் சுமார் 5 செண்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நின்று, சாக்கடை வாயு மேலே வராமல் தடுக்கும். பல நாள் உபயோகிக்காவிடில் இந்நீர் உலர்ந்துவிடும். எனவே அவ்வப்போது நீர் ஊற்ற வேண்டும்.

2. சரிவு: 10 செண்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவு ஏற்றது. அதாவது 10 மீட்டர் நீளத்துக்கு 25 செண்டிமீட்டர் தாழ்வு. சரிவு குறைந்தால் கசடு தங்கிவிடும்.

3. காற்றுக் குழாய்: கழிவுநீர் விரைந்து இறங்கும்போது அதன் பின்னே வெற்றிடம் உண்டாகி, வளைவில் நிற்கும் நீரை உறிஞ்சிவிடக்கூடும். இதைத் தடுக்க, குழாய்த் தொடரில் வானை நோக்கிய காற்றுக் குழாய் ஒன்று வேண்டும்.

4. இறுக்கமான மூட்டு: வண்டியின் குழாயும் தரைக் குழாயும் சேரும் இடம் திருகியோ கவ்வியோ இறுகப் பொருந்த வேண்டும். வெறுமனே செருகிய குழாய், கழிவு பாயும் வேகத்தில் கழன்று விழும்.

5. குடிநீரிலிருந்து விலகல்: குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒன்றையொன்று தொடாதவாறு தனித்தனி இடங்களில் அமைய வேண்டும். கழிவுக் குழாயைக் கழுவப் பயன்படும் ரப்பர்க் குழாயைக் குடிநீர் பிடிக்க ஒருபோதும் உபயோகிக்கலாகாது.

உபயோகிக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. மலத்தொட்டியின் வால்வை நாள் முழுவதும் திறந்து வைத்தல் தவறு. நீர் மட்டும் ஓடிவிடக் கசடு தொட்டியின் அடியில் படிந்து இறுகும். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பியபின் திறந்தால், நீரின் வேகம் கசடையும் இழுத்துச் செல்லும். முதலில் மலத்தொட்டியையும், அதன்பின் குளியல்நீர்த் தொட்டியையும் திறக்க வேண்டும். பின்னது முன்னதன் எச்சத்தைக் குழாயிலிருந்து கழுவிவிடும்.

ரயில் பெட்டிக்கு உறிஞ்சும் முறை

சரிவு முறையை ரயில் பராமரிப்பு நிலையத்துக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாமைக்குக் காரணம், மேலே கூறிய நிலத்தின் இயல்பே. ஒரு பெட்டியின் நீளம் சுமார் 24 மீட்டர். இருபது பெட்டிகள் சேர்ந்தால் ஏறத்தாழ 480 மீட்டர். பெட்டிகளின் ஓரமாகப் பதிக்கும் சற்றுப் பெரிய குழாய்க்கு நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு கொடுத்தாலும், அதன் கடைசி முனை முதல் முனையைவிட ஏறக்குறைய 5 மீட்டர் ஆழத்தில் இருக்கும். நிலத்தடி நீர் மேலாக நிற்கும் நதிக்கரையில், பாரவண்டிகளின் அதிர்வுக்கு நடுவே, அவ்வளவு ஆழத்தில் கசியாத குழாய் பதிப்பது கடினம்.

உறிஞ்சும் குழாய்க்குச் சரிவு அவ்வளவு முக்கியமன்று. தொட்டியின் வாயில் விரைவில் பூட்டும் மூட்டு ஒன்று உண்டு. பணியாளர் குழாயைப் பொருத்தி, வால்வைத் திறந்து, பம்பை இயக்கினால் கழிவு மேல்நோக்கியும் வரும். காற்றழுத்தம் சுமார் 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கவல்லது என்பதைப் பௌதிக பாடத்தில் மாணவர் அறிவர். நடைமுறையில் அதற்குக் குறைந்த உயரமே கிட்டினும், பெட்டிக்கடியிலிருந்து தரைமேல் உள்ள குழாய்க்கு உயர்த்த அது போதும். கழிவை எடுத்தபின் தொட்டியில் நீர் செலுத்திக் கழுவி, மீண்டும் உறிஞ்சி, வால்வை மூடிய பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். இவ்வரிசை மாறினால் குழாயில் நின்ற கழிவு பணியாளர் மீது சிந்தும். நிலையான குழாய்த் தொடர் இல்லாத இடங்களில் உறிஞ்சு லாரி அதே வேலையைச் செய்யும்.

உறிஞ்சிய கழிவு எங்கே செல்கிறது என்பதையும் கேட்க வேண்டும். அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பாமல் அருகிலுள்ள திறந்த வாய்க்காலில் விட்டால், தண்டவாளத்தின் அசுத்தத்தை நதிக்கு மாற்றியதாகுமேயன்றி ஒழித்ததாகாது. இணைப்பின் ஒரு முனை வண்டியில் என்றால், மறுமுனை சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்க வேண்டும்.

ஆபத்தும் சட்டமும்

கழிவு தேங்கும் மூடிய இடங்களில் மீதேன் வாயுவும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் உண்டாகின்றன. முன்னது தீப்பற்றக்கூடியது. பின்னது காற்றைவிடக் கனமானதாகையால் குழியின் அடியில் தங்கும். சிறு அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்ச்சியையே மரக்கச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டதால் ஆபத்து நீங்கிற்றென எண்ணி இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுகிறார். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் விழுகிறார். பாதாளச் சாக்கடைச் சாவுகள் பலவற்றில் ஒருவருக்கு மேற்பட்டோர் இறப்பதற்கு இதுவே காரணம்.

2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புச் சாதனங்களின்றிச் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் மனிதரை இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. சாக்கடைச் சாவுகளுக்குப் பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்குமாறு 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. களப்பணியாளர் இதை மனத்தில் இருத்தி, அடைப்பு எவ்வளவு அவசரமானதாயினும் எவரையும் குழிக்குள் இறங்கச் சொல்லலாகாது. உறிஞ்சு பம்பு வரும்வரை காத்திருப்பதால் நேரும் நஷ்டம் சில மணி நேரமே.

பள்ளியில் செய்து காட்டத்தக்கவை

நீரடைப்பை விளக்க, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை வளைத்து நீர் ஊற்றுக. ஒருமுனையில் ஊதுபத்திப் புகையை மெல்லச் செலுத்தினால் மறுமுனையில் அது வெளிவராது. நீரைக் கொட்டிவிட்டுச் செய்தால் புகை கடந்து செல்லும்.

சரிவை விளக்க, நீளவாட்டில் பிளந்த மூங்கிலையோ தகரக் கால்வாயையோ சாய்த்து வைத்து, சிறிது மணல் தூவி ஒரு குவளை நீர் ஊற்றுக. சரிவை மாற்றிமாற்றிச் செய்து, எப்பொழுது மணல் தங்குகிறது, எப்பொழுது அடித்துச் செல்லப்படுகிறது என்பதை மாணவரே குறித்துக்கொள்ளலாம். அதே அளவு நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தால், வால்வை எப்பொழுதும் திறந்து வைக்கலாகாது என்பதன் காரணமும் விளங்கும்.

நுண்ணுயிரின் வேலையை விளக்க, சாணக் கரைசல் பாதியளவு நிரம்பிய பிளாஸ்டிக் புட்டியின் வாயில் பலூன் ஒன்றைக் கட்டி வெப்பமான இடத்தில் வைக்கலாம். சில நாட்களில் பலூன் மெல்ல உப்பும். புட்டியை மூடியிட்டு இறுக்கலாகாது. அருகே நெருப்பும் கூடாது. மற்றொரு புட்டியில் சிறிது பினாயில் சேர்த்து வைத்தால், பலூன் உப்புவதில் உள்ள வேறுபாட்டைக் காணலாம்.

ஹவுராவுக்கு வரும் வண்டியிலாயினும் மலைச்சாரலில் தங்கும் காரவனிலாயினும் தத்துவம் ஒன்றே. கழிவு வண்டியின் தொட்டியிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கும் வழியில் எங்கும் வெளிப்படாமல் செல்ல வேண்டும். அது வெளிப்படும் ஒவ்வோர் இடத்திலும் அதை அள்ளுவதற்கு ஒரு மனிதர் தேவைப்படுகிறார். குழாய் முழுமையாக அமைந்த இடத்தில் அத்தேவை இல்லை.